மருந்து ஏற்றிய ஸ்கேனும் அம்மாவின் உபவாசமும்

ஸ்ரீவில்லிபுத்தூர்,
வியாழன் மதியம்

அன்பு மகள் ரெனிட்டாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்கக் கர்த்தர் துணை நிற்பாராக. நாங்களும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, எழுத வரவில்லை. உன் அம்மாவை இங்கே ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டு நாள் ஆகிறது. போனில் சொல்லலாம் என்றால் கட்டிலில் படுத்தபடியே காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறாள், அதனால்தான் காகிதம். லீவுக்கு வந்த சோலைராஜ் நாளைக்கு உங்கள் மஸ்கட்டுக்குத் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

கணையத்தில் ஏதோ நிழல் தெரிகிறது, மருந்து ஏற்றி ஸ்கேன் எடுக்கவேண்டும் என்று ராஜபாளையத்து டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். அவளுக்குச் சர்க்கரை வேறு, கிட்னிக் கோளாறைக் காட்டும் அந்தக் கிரியாட்டினினும் முன்னமே ஒன்றரை. அந்த மருந்து கிட்னி வழியாகத்தான் வெளியே போகும், முதல் நாளே நிறையத் தண்ணீர் குடியுங்கள், ஸ்கேனுக்கு நாலு மணி நேரம் முன்னாலிருந்து சாப்பாடுதான் கூடாது, தண்ணீர் குடிக்கலாம் என்று படித்துப் படித்துச் சொன்னார். உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா? எதிர்வீட்டுப் பரிபூரணத்தையும் சபைப் பெண்களையும் கூட்டிவைத்து, ஸ்கேன் நல்லபடியாக வர இரண்டு நாள் உபவாச ஜெபம், பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல்! தண்ணி குடிச்சா அது என்னட்டி உபவாசம் என்றாளாம் அந்தப் பரிபூரணம். இதே ஆஸ்பத்திரியின் ஸ்கேன் அறையில் நர்ஸ் கேட்டபோது, வயிறு முட்டக் குடிச்சேன் தாயி என்று கூசாமல் சொன்னாள் உன் அம்மா.

மறுநாளே தலைசுற்றல், வாந்தி, மூத்திரம் சரியாகப் போகவில்லை. கிரியாட்டினின் மூன்றைத் தாண்டிவிட்டது. ட்ரிப்ஸ் ஓடுகிறது, காலையிலிருந்து மூத்திரப் பையில் இறங்கியது அரை டம்ளர்கூட இல்லை. குடிக்கலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா ட்ரிப்ஸ் ஏத்திட்டுப் பொறவு எடுத்திருப்போமே, ரெண்டு நாள் தள்ளிப்போட்டா குடியா முழுகிரும் என்று இங்குள்ள டாக்டர் என்னைத்தான் பிடித்து வாங்கினார். பலருக்குத் தானாகவே சரியாகிவிடுமாம், இவளுக்கு அப்படி உறுதி சொல்ல முடியாதாம். நாளைக்கும் இறங்காவிட்டால் மதுரைக்குக் கொண்டுபோய் டயாலிசிஸ். இது உன் கைக்கு வரும்போது என்ன ஆகியிருக்குமோ.

ஸ்கேனில் கணையம் சுத்தமாக இருக்கிறது. பாத்தியளா, ஆண்டவர் செபத்தக் கேட்டுட்டாரு என்று வீங்கின முகத்தோடு சிரிக்கிறாள். எனக்கு அழுவதா திட்டுவதா தெரியவில்லை.

மகளே, ஸ்கேனுக்கு முந்தின இரவு நீ போனில் அம்மா தண்ணி குடிச்சாங்களாப்பா என்று கேட்டாய். என் கையாலேயே ஊற்றிக் கொடுத்தேன் என்றேன். கொடுத்தது நிஜம், அதை அவள் பின்கட்டில் கொட்டியதையும் பார்த்தேன். நர்ஸ் என் முகத்தைப் பார்த்தபோதுகூட ஆமாம் என்று தலையாட்டிச் சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டேன். மில்லில் வேலை பார்த்த காலத்தில் எண்ணெய் விடாமல் மெஷினை ஓட்டின எத்தனை பேரை வைதிருக்கிறேன், கடைசியில் நானே அதைத்தான் செய்தேன். உபவாசம் முறிந்தால் அந்த நிழல் நிஜமாகிவிடுமோ என்று நானும்தான் பயந்தேன்.

அவளைத் திட்டாதே. நீயும் அந்த வெயிலில் வேலை பார்க்கிறாய், வேளாவேளைக்குத் தண்ணீர் குடி, தலைவலிக்கெல்லாம் வலி மாத்திரையை அள்ளிப் போடாதே. கர்த்தர் உன்னையும் மாப்பிள்ளையையும் ஆசீர்வதிப்பார். அம்மாவுக்காக ஜெபம் பண்ணு, சாப்பிட்டுவிட்டுப் பண்ணு.

இப்படிக்கு,
உன்னிடம் பொய் சொன்ன அப்பா
எபனேசர்