அடுப்புக் கல், சக்கரக் கல்

ஜனவரி 5, ஞாயிறு

காரை ஸ்டார்ட் செய்ததும் மறுபடி அந்தச் சத்தம். தகர டின்னுக்குள் ஆணிகளைப் போட்டுக் குலுக்குவதுபோல. சூடேறினால் அடங்கிவிடும். இன்று அடங்கவில்லை.

கிஷாந்த் போர்வைக்குள்ளிருந்தே சொன்னான்: "ஒன் காரு ஒன்னையவிட முன்னாடி எந்திரிச்சுக் கத்துது."

27ஆம் திகதி நுவரெலியாப் பாடசாலையில் நான் சேர வேண்டும். அக்கரப்பத்தனையிலிருந்து முதல் பஸ் போய்ச் சேர்வதற்குள் முதல் பாடம் முடிந்திருக்கும். கார் ஓடினால் தினமும் வீடு. ஓடாவிட்டால் அங்கே படிப்பிக்கும் பஸ்மிலாவின் அறை. வெள்ளிக்கிழமை மட்டும் வீடு. கிஷாந்துக்கு வேலை இந்தத் தேயிலைத் தோட்டத்து ஒபீசில். அவன் அம்மாவும் இங்கே.

கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

வெள்ளிக்கிழமை மனைவி. கதைக்கு நல்ல தலைப்பு. எனக்கு வேண்டாம்.

ஜனவரி 6, திங்கள்

தலவாக்கலை கராஜ்காரர் எஞ்சின்மேல் காதை வைத்துக் கேட்டார். டைமிங் செயின் இரண்டும் தளர்ந்துவிட்டனவாம். ஒரு பல் தாண்டினால் எஞ்சின் போச்சு. செய்து தரலாம் – அடுத்த மாதம்.

அடுத்த மாதம் எனக்கு எதற்கு?

ஜனவரி 8, புதன்

ரிஸ்வி நானாவின் கார் உதிரிப்பாகக் கடை.

"ரெண்டையும் சேத்து மாத்துங்க தங்கச்சி. ஒண்டு புதுசு, ஒண்டு பழசுண்டா சரிவராது. எந்த கராஜ்ல குடுக்கப் போறீங்க?"

"வீட்டுல. நான்தான் மாத்தப் போறேன்."

சுற்றிக்கொண்டிருந்த கடதாசியை நிறுத்திவிட்டார். "மாப்பிள்ள என்ன செய்யப் போறாரு?"

"டோர்ச் பிடிப்பாரு."

"அது கஷ்டமான வேல" என்றார். சிரிக்காமல்.

ஜனவரி 11, சனி

எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு முன்னால், ரோட்டோரம். இந்த மலையில் சமதரை கிடையாது. ஹேண்ட் பிரேக்கை யாரும் நம்புவதில்லை. கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுத்தான் இறங்குவோம். கை தானாகச் செய்யும்.

பின்சக்கரத்தில் ஓடுகிற பழைய கார் என்பதால் எஞ்சினின் முன்புறம் ரேடியேட்டருக்குப் பின்னாலேயே இருக்கிறது. ரேடியேட்டரைக் கழற்றினால் செயினுக்கு வழி திறந்துவிடும். எஞ்சின் முனையிலிருந்த பெரிய போல்ட் மட்டும் அசையவில்லை. எஞ்சின் சுற்றாமலிருக்கக் கியரில் விட்டு, ஸ்பேனரில் குழாயை மாட்டி, இருவரும் தொங்கினோம். அசைந்தது. நான் சேற்றில். கிஷாந்த் என் மேல்.

மேலே வாசலிலிருந்து அத்தை, கிஷாந்தின் அம்மா: "நல்லாருக்கு. ரோட்டுல."

ஜனவரி 12, ஞாயிறு

பழைய செயின்கள் வெளியே வந்துவிட்டன. கையில் தொய்ந்து கிடக்கின்றன.

இப்போதுதான் புரிகிறது. பிஸ்டன் மேலே ஏறும்போது வால்வு வழிவிட வேண்டும். எப்போது விட வேண்டும் என்பதைச் சொல்வது செயின். கல்யாணமும் – இல்லை, உவமை வேண்டாம். எண்ணெய்க் கையோடு எழுதுகிறேன்.

புதியவற்றைப் பொங்கல் கழித்துப் பூட்டலாம். பழைய படுக்கை விரிப்பால் எஞ்சினைப் போர்த்தியாயிற்று.

ஜனவரி 14, பொங்கல்

பானை பொங்கி வழிந்தது. லயம் முழுக்கச் சத்தம். அந்த நேரத்தில் கிஷாந்த் என் காதருகே:

"காரு எடம் மாறியிருக்கே?"

ஓடினேன். ஒரு சாண் இறங்கியிருந்தது. சக்கரத்துக்கடியில் கல் இல்லை.

கல், அடுப்பில் இருந்தது. பானைக்குக் கீழே, மூன்றில் ஒன்றாக.

"அத்தை, அந்தக் கல்ல ஏன் எடுத்தீங்க?"

"அது பொங்கக் கல்லு. நான் இந்த வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து அதுலதான் பானை வைக்கிறேன். வருசம் பூரா ஒங்க காருக்கு முட்டுக் குடுக்குது. ஒரு நாளு எனக்கு வேணாமா?"

"கேட்டுட்டு எடுத்திருக்கலாம்ல!"

"நீ கேட்டுட்டா கொண்டு போன?"

உண்மையில் கேட்கவில்லை.

கார் கியரில் இருந்தது. பழக்கம்தான் – கியரை எடுக்க மறந்துவிட்டேன். கார் நகர்ந்தால் எஞ்சினும் சுற்றும். செயின் இல்லாமல் சுற்றினால் வால்வு வழிவிடாது, பிஸ்டன் போய் இடிக்கும். வளைந்திருந்தால்? எஞ்சினைத் திறக்க வேண்டும். 27க்குள் நடக்காது.

கத்திவிட்டேன். நல்ல நாளில். அத்தை வாழை இலையில் பொங்கல் வைத்தார். வேண்டாம் என்றேன். பிறகு சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. அதுவே இன்னும் கோபம்.

ஜனவரி 15, புதன்

பஸ்மிலாவுக்குச் செய்தி: கட்டிலை யாருக்கும் கொடுத்துவிடாதே.

ஜனவரி 18, சனி

முதலில் கியரை எடுத்தேன். நான்கு சக்கரத்துக்கும் கல். ("பூச போடுறியா?" – கிஷாந்த்.)

எஞ்சினை மெல்லத் திருப்பிப் பற்சக்கரத்திலுள்ள குறிக்குக் கொண்டுவந்தேன். கீழ்ச் செயின். மேல் செயின். குறியோடு குறி. பிறகு ஸ்பேனரை மாட்டிக் கையாலேயே சுற்றிப் பார்த்தேன். எங்காவது இடித்து நிற்குமா? மணிக்கட்டில்தான் என் காது முழுக்க.

நிற்கவில்லை. ஆனால் கொஞ்சம் வளைந்த வால்வு கைக்குத் தெரியாது. எஞ்சின் நடுங்கும்போதுதான் தெரியும்.

அத்தை வந்து நின்றார். பொங்கலுக்குப் பிறகு முதல் பேச்சு: "உள்ளுக்க ஒடைஞ்சிருச்சா?"

"தெரியல அத்தை. மூடியில பூசின பசை காயணும். நாளைக்குத் தெரியும்."

"எனக்கு அது தெரியாதும்மா. கல்லுன்னுதான் நெனச்சேன்."

"எனக்கும் அது கல்லுதான் அத்தை."

ஜனவரி 19, ஞாயிறு

சாவியைத் திருப்பினேன். ஒரு கணம் கடகட. எண்ணெய் ஏறியதும் – நின்றது. கடகடப்புதான் நின்றது, எஞ்சின் அல்ல. ஸ்டியரிங்கில் நடுக்கம் இல்லை. ஒரே சீராக.

கிஷாந்த் பகல் வெளிச்சத்தில் டோர்ச்சைப் பிடித்தபடி நின்றான்.

அத்தை ஜன்னலுக்குள் தலையை விட்டு: "சத்தமே இல்லையே. ஓடுதா, ஓடலயா?"

ஜனவரி 27, திங்கள்

பாடசாலை முடிந்து பஸ்மிலாவின் அறையில் தேநீர். எனக்கென்று வைத்திருந்த கட்டிலில் அவள் துணி காயப்போட்டிருந்தாள். "மழைக்கு வேற எடமில்லடி" என்றாள். நன்றாகக் காயட்டும் என்றேன்.

வீட்டுக்கு வரும்போது பனி இறங்கிவிட்டது. லயத்து வளைவில் நிறுத்தினேன். கார் விளக்கு வெளிச்சத்தில் அத்தை. இடுப்பில் கல், ஒரு பக்கம் கரி.

"அடுத்த பொங்கலுக்கு ஆத்துல வேற ஒன்னு பாத்து வச்சிட்டேன்" என்றார். "இது ஒனக்கு. இரு, எறங்காத."

குனிந்தார். சக்கரத்தில் கல் பட்ட சத்தம் கேட்டது. கியரில் போட்டுவிட்டு இறங்கினேன்.