நகம் நுழையாத துண்டு

இன்று காலை என் மேசைக்கு ஒரு மாதிரித் துண்டு வந்தது. கார் தரையில் போடுகிற கார்பெட்தான், உள்ளங்கை அகலம். மூக்கருகே கொண்டுபோனேன். பசை நாற்றமே இல்லை. பாலியெஸ்டர் சட்டையில் சூடான இஸ்திரிப் பெட்டி பட்ட வாசனை மட்டும். எட்டு வருஷத்துக்கு முன் நீ இந்த அறைக்குள் கொண்டுவந்த அதே வாசனை.

கும்மிடிப்பூண்டியில் இந்தக் கம்பெனிக்குள் நாம் இருவரும் ஒரே நாளில் நுழைந்தோம். நீ வெட்டுகிற இடத்துக்குப் போனாய். நான் ஜன்னல் இல்லாத இந்தச் சோதனை அறைக்கு வந்தேன். சீட்டுக்கும் கியருக்கும் ஓட்டை போட்டு விழுகிற துண்டுகள் உன் காலடியில் குவியும். மேலே பாலியெஸ்டர், கீழே கறுப்பு ரப்பர், நடுவில் பசை. பிரிக்கவும் முடியாது, சேர்த்து உருக்கவும் முடியாது. லாரி வந்து எரிக்க அள்ளிக்கொண்டு போகும். நல்ல பாலியெஸ்டர் வீணாகிறதே என்று நீ பொருமுவாய். எந்தக் காரில் ஏறினாலும் குனிந்து தரைக் கார்பெட்டின் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்ப்பாய். டிரைவர் முறைப்பார். மானம் போகிறதே என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

"ஒட்டும்போதே யோசிக்கணும் நைனா. அப்பால பிரின்னா எப்டி பிரியும்?" என்பாய்.

நாஷ்டா நேரத்தையெல்லாம் தின்றுதான் அந்தத் துண்டைச் செய்தாய். மேலும் கீழும் ஒரே பாலியெஸ்டர். பசைக்குப் பதில், கொஞ்சம் சூட்டிலேயே உருகிப் பிடித்துக்கொள்கிற பாலியெஸ்டர் நார். அப்படியே அரைத்து உருக்கி மறுபடியும் நூலாக்கலாம் என்றாய். உன் முகத்தில் அன்றைக்கு இருந்த வெளிச்சத்தை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

என்னிடம் இருந்ததோ ஒரே ஒரு சோதனைதான். கத்தியால் ஓரத்தைக் கொஞ்சம் பிரித்து, மேல்பாகத்தை ஒரு கவ்வியிலும் அடிப்பாகத்தை இன்னொன்றிலும் மாட்டி இழுக்க வேண்டும். பிரிய எவ்வளவு விசை ஆனது என்று படிவத்தில் எழுத வேண்டும். உன் துண்டில் எது மேல், எது கீழ் என்றே தெரியவில்லை. கத்தி வழுக்கியது. கவ்வியில் மாட்ட ஒன்றுமில்லை. கட்டம் காலியாக நின்றது.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "காலியா இருந்தா ரிஜெக்ட்டுதானேப்பா? உனக்குத் தெரியாதா?" என்னை நிரந்தரமாக்கும் காகிதம் அந்த வாரம் அவர் மேசையில் இருந்தது. சிவப்பு ரிஜெக்ட் முத்திரையை எடுத்துப் படிவத்திலும் துண்டிலும் குத்தினேன். கையெழுத்தும் போட்டேன். பயம்தான், வேறொன்றும் இல்லை.

சாயங்காலம் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் நீ அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"பிரியாதது நல்ல சரக்குன்னு நீதானே சொல்லுவ?"

"ரூல் அப்டி இருக்குடா. நான் இன்னா பண்றது?"

"சரி வுடு. ரயிலு வந்துச்சு பாரு" என்று துண்டை என் பையில் திணித்தாய். ஜன்னலோர இடத்தையும் எனக்கே விட்டாய். நீ திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. அதற்குப் பிறகு நீ எதையும் செய்துபார்க்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இப்போது கார் கம்பெனிக்காரர்களே ஒரே பொருளில் கார்பெட் கேட்கிறார்கள். அதற்கென்று புதுச் சோதனை, புதுப் படிவம். அதில் ஒரு கேள்வி: இந்த வகை இதற்கு முன் இங்கே சோதிக்கப்பட்டதா?

ஆம் என்று எழுதினால் பழைய கோப்பு வெளியே வரும். அதில் உன் பெயர் இருக்கும், அதன் கீழே என் கையெழுத்தும். இந்த வயதில் இந்த அறையை விட்டால் எனக்கு வேறு போக்கிடம் இல்லை. மேனேஜர் வாசலில் நின்று, "ஆச்சாப்பா?" என்றார். அதே ஆள்.

இல்லை என்று எழுதினேன்.

வெட்கமாக இருக்கிறது. ரயிலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். பையில் டிபன் பாக்ஸுக்கு அடியில் சிவப்பு முத்திரையோடு உன் துண்டு இருக்கிறது. எட்டு வருஷமாகத் தினமும் என்னோடு வந்து போகிறது. கொஞ்சம் முன்புகூட எடுத்து, உன்னைப் போலவே ஓரத்தை நெம்பிப் பார்த்தேன். எங்கேயும் நகம் நுழையவில்லை.