சீற்றுக்குக் கீழே வைத்த தேசிக்காய்

நாலைந்து நாளாகக் கழுவுகிறேன். சவர்க்காரம் போட்டேன், புளி போட்டுத் தேய்த்தேன். நகக்கண்ணுக்குள் பிறேக் ஒயில் மணம் போகுதில்லை. இன்று காலை விளக்குக்குத் திரி திரிக்கையில் அது மூக்கில் ஏறியது. உங்களுக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

இஞ்சாருங்கோ, உங்கட வெள்ளைக் காரை எங்கட மகள் பந்தயத் திடலில் ஓடிவிட்டு வந்திருக்கிறாள். பந்தயம் இல்லையாம். சொந்தக் காரைக் கொண்டுபோய்த் தன் பாட்டுக்கு வேகமாக ஓடிப் பழகுகிற நாளாம். "றோட்டில வேகமா ஓடாத எண்டுதானே சொல்லுறீங்கள்? அதுதான் றோட் இல்லாத இடத்துக்குப் போறன்" என்றாள். தர்சிக்கு இப்போது இருபத்தாறு வயது. மறித்தால் எனக்குச் சொல்லாமல் போவாள் என்ற பயத்தில்தான் ஓம் என்றேன்.

நீங்கள் கண்ணை மூடி மூன்று வருசம். நாற்பதுக்கு மேல் ஓடாத மனுசன் நீங்கள். முரசுமோட்டைக் குழி றோட்டில் சைக்கிள்காரர் எங்களை முந்திவிட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பினம். நான் வெட்கத்தில் தலைப்பால் முகத்தை மறைப்பேன். "சிரிக்கட்டும். ஓடுறதுக்கு ஆரும் சொல்லித் தருவினம், நிப்பாட்டுறதுக்குத்தான் ஆக்களில்லை" என்பீர்கள். உங்கட பிள்ளை அதே காரில் நூறைத் தாண்டப் போகிறாள் என்றால் நான் எப்படி நித்திரை கொள்வது?

பயம் வந்தால் எனக்குத் தெரிந்த வேலை கொப்பியில் எழுதுவதுதான். காரோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை அகராதி வைத்து வாசித்தேன். வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். எஞ்சினில் கை வைக்கத் தேவையில்லை, முதல் நாளுக்கு இருக்கிறதை ஒழுங்காக வைத்திருந்தால் காணும் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். எழுதி முடிய நான்கு பக்கம். அதைக் கொண்டு கிளிநொச்சியில் கராஜ் வைத்திருக்கும் செல்வத்திடம் போனேன். மலையகத்திலிருந்து வந்த குடும்பம், வாயும் கையும் ஒன்றாக வேலை செய்யும்.

"என்னக்கா, தேர்த் திருவிழாவுக்குக்கூட இவ்வளவு பெரிய லிஸ்ட் போட மாட்டாங்களே!"

"சிரிக்காதேங்கோ தம்பி. ஒண்டொண்டாப் பாருங்கோ."

பழைய பிறேக் ஒயில் சாயத் தேத்தண்ணி நிறத்தில் வந்தது. செல்வத்தின் சிரிப்பு நின்றுவிட்டது. "வேகமா ஓடி ஓடி பிறேக் புடிச்சா இது கொதிச்சிரும்க்கா. அப்புறம் பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும். வண்டி நிக்காது."

சூடு தாங்குகிற புது ஒயிலைப் போத்தலிலிருந்து நானே ஊற்றினேன், பாதி என் கையில்தான் விழுந்தது. பிறகு உங்கட சீற்றில் ஏறி இருந்து, செல்வம் சில்லடியில் படுத்துக்கொண்டு "அமுக்குங்க, விடுங்க" என்று சொன்னபடி, குழாயில் குமிழி வருவது முற்றாக நிற்கும் வரைக்கும் பெடலை மிதித்தேன். பிறேக் கட்டைகளும் புதிது போட்டோம். சில்லு நட்டுகளை அவர் இறுக்கின பிறகும் நான் ஒருதரம் தொட்டுப் பார்த்தேன்.

கொப்பியின் கடைசி வரி: உள்ளே உருளக்கூடிய சாமான் ஒன்றும் இருக்கக் கூடாது. காரைத் தூக்குகிற ஜக், மேலதிகச் சில்லு, காலடி விரிப்பு எல்லாம் இறக்கினோம். ஸ்ரியறிங்குக்கு முன்னால் நீங்கள் ஒட்டின பிள்ளையாரையும் தர்சி நூலால் அறுத்து எடுத்தாள். "இவர் வீட்டிலயே இருந்து பாக்கட்டும் அம்மா." அவரைச் சாமித்தட்டில் வைத்துவிட்டு, அந்த வரிக்கு நேரே என் கையாலேயே சரி போட்டேன்.

ஓடுகிற நாளுக்கு முதல் நாளே வெளிக்கிட்டோம். பிள்ளையார் இருந்த இடத்தில் பசை அடையாளம் மட்டும் வட்டமாகத் தெரிந்தது. அதைப் பார்க்கப் பார்க்க, காவலுக்கு ஒருவரும் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிப்பாட்டித் தேங்காய் உடைத்தோம். தர்சி கச்சான் கடலை வாங்கப் போன நேரம், ஐயர் பூசையில் வைத்துத் தந்த மஞ்சள் தேசிக்காயைத் தலைப்பில் முடிந்துகொண்டேன்.

திடல் குருநாகல் பக்கம். அடுத்த நாள் காலை கார்களைச் சோதிக்கிற ஐயா ஒருவர் வந்து பொனற்றைத் திறந்து பார்த்தார், பெல்ற்றை இழுத்தார், பெடலை மிதித்தார், கண்ணாடியில் ஒரு துண்டை ஒட்டிவிட்டுப் போனார். தர்சி ஹெல்மெட்டை எடுக்கத் திரும்பினாள். நான் தேசிக்காயைச் சாரதி சீற்றுக்குக் கீழே வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

கார்கள் ஒவ்வொன்றாக வரிசைக்குப் போயின, தர்சியும் போனாள். என் பக்கத்தில் நின்ற முஸ்லிம் பிள்ளை, புருசனின் காருக்குள் தலையை விட்டு ஒரு சோடாப் போத்தலை இழுத்தெடுத்தாள். "ஹெல்மெட் மட்டும் பளபளக்குது, உள்ளுக்கு குப்பைக்கூடை!" என்று அவரை ஏசிவிட்டு என்னைப் பார்த்தாள். "இது பிறேக்குக்குக் கீழ போச்செண்டா மனுசன் முடிஞ்சார் அன்ரி."

அப்போதுதான் நீங்கள் என் நினைவில் வந்தீர்கள். தர்சி ஏழாம் ஆண்டு படிக்கிற நேரம், புளியங்குளத்துக்குக் கிட்ட, அவளின் தண்ணீர்ப் போத்தல் உங்கட காலடிக்கு உருண்டது. கைபிறேக்கை இழுத்துக் கரையில் நிப்பாட்டினீர்கள். ஒரு வார்த்தை ஏசவில்லை. போத்தலை என் மடியில் வைக்கையில் உங்கட கை நடுங்கியது. வெயிலில் களைத்துவிட்டீர்கள் என்று நினைத்து, அந்தத் தண்ணீரையே குடிக்கத் தந்தேன். நீங்கள் பயந்துபோய் இருந்தீர்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை.

ஓடினேன். ஒரு செருப்பு எங்கேயோ கழன்றது. கொடி பிடித்திருந்தவர் சிங்களத்தில் கத்தினார். தர்சிக்கு முன்னால் இன்னும் ஒரு கார்தான். கண்ணாடியில் அடித்தேன்.

"என்னம்மா? எல்லாரும் பாக்கினம்!"

"கதவைத் திற பிள்ளை. திற!"

குனிந்து சீற்றுக்குக் கீழே கை விட்டேன். வைத்த இடத்தில் இல்லை. வரிசைக்கு வந்த அந்தக் கொஞ்ச தூரத்துக்குள்ளேயே அது உருண்டு, பெடலுக்குப் பக்கத்தில், அவளின் சப்பாத்தை முட்டிக்கொண்டு கிடந்தது. எடுத்தேன்.

"நீங்களா வைச்சனீங்கள்?"

"ஓம். நான்தான்."

ஹெல்மெட்டுக்குள் கண் மட்டும்தான் தெரிந்தது. அவள் ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். "தள்ளி நில்லுங்கோ அம்மா" என்று மெதுவாகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

ஏழு சுற்று. கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தேவாரத்தின் முதலடிகூட வாயில் வரவில்லை. கும்பிடாமல் நான் பயந்து நின்றது வாழ்நாளில் அந்த ஒருமுறைதான். வளைவுக்கு முன்னால் பின் விளக்குச் சிவக்கும். சிவக்கும்வரை எனக்கு மூச்சில்லை.

வந்து இறங்கினாள். சில்லடியில் எரிந்த மணம். முகமெல்லாம் வேர்வை. "நிக்குது அம்மா. ஒவ்வொருமுறையும் அப்பிடியே நிக்குது" என்று என்னைக் கட்டிப்பிடித்தாள். பிறகு சிரித்தாள். "அடுத்தமுறை உங்களையும் சோதிச்சுத்தான் உள்ள விடுவினம்."

அடுத்தமுறை இருக்கிறது. நானும் போவேன். அவளைத் தனியே விட எனக்குத் தைரியமில்லை.

பக்கத்துச் சீற்றில் இத்தனை வருசம் இருந்தும் உங்கட பயத்தை நான் அறியாமல் போனேன். இப்போது அது என்னிடம் வந்திருக்கிறது. வேலியடியில் நின்ற ஏழு சுற்றும், ஒவ்வொரு வளைவிலும் என் வலக்கால் பிறேக்கை மிதிப்பதுபோல மண்ணை அமத்தியிருக்கிறது. செருப்பில்லாத பாதம் கன்றின பிறகுதான் கண்டேன். இன்று காலை அவள் வேலைக்குப் போகக் காரை வாசல் படலையடியில் திருப்பினாள். குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டவுடன் என் கால் தன்பாட்டில் தரையை அமத்தியது. கார் நின்று, பிறகு தெருவில் ஏறிப் போகிற சத்தம் கேட்ட பிறகுதான் எடுத்தேன்.