கல்லை நகர்த்தியவள்

கர்த்தருக்குள் கண்மூடிய என் மாமாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷமாகப் போகிறது. புதுச்சத்திரம் பண்ணையில் கோழிகள் நன்றாக முட்டை வைக்கின்றன. நம் சின்ன மகள் உங்கள் பைக்கை ஓட்டிப் பழகுகிறாள். சொன்னால் கேட்கிற ரகமா அவள், உங்கள் மகளாயிற்றே.

சபையில் யாரிடமும் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்ல வேண்டும்.

முட்டை லாரி ஓட்டும் செல்வத்தை நான் மன்னித்தேன் அல்லவா? பண்ணைச் சரிவில் லாரியை நிறுத்திவிட்டு, சக்கரத்துக்குக் கல் வைக்க மறந்தானே, அது பின்னால் உருண்டு உங்களைச் சுவரோடு நசுக்கியதே, அந்தச் செல்வத்தை. அடக்கத்தன்று எல்லார் முன்னும் அவன் தலையில் கைவைத்து ஜெபித்தேன். "பெரிய மனசுங்க உங்களுக்கு" என்று ஊரே சொன்னது. நானும் நம்பிவிட்டேன். ஜேடர்பாளையம் ஆற்றில் ஞானஸ்நானம் எடுத்தபோது, எனக்குள் இருந்த பழைய மனுஷி தண்ணீரோடு போய்விட்டாள் என்று நம்பினேனே, அதுபோல. அவளுக்கு நீந்தத் தெரியும் என்று யாரும் சொல்லவில்லை.

லோடு ஏற்ற இப்போதும் அவன்தான் வருகிறான். போன மாதம் ஒரு மத்தியானம், லாரிக்கு அடியில் படுத்து ஏதோ செய்துகொண்டிருந்தான். தீவன மூட்டை பிரித்துவிட்டு நான் வெளியே வந்தால், சக்கரத்துக் கல் ஒரு முழம் தள்ளிக் கிடக்கிறது. வேலையாட்களைப் பிடித்துத் திட்டினேன். யாரும் தொடவில்லை என்றார்கள். திரும்ப வைக்கக் குனிந்தபோது, கல்லின்மேல் தீவன மாவில் ஒரு கையின் அச்சு. என் கையை வைத்துப் பார்த்தேன். விரலுக்கு விரல் பொருந்தியது.

நான் எப்போது அங்கே போனேன்? எனக்கு நினைவே இல்லை, மாமா.

அடுத்த வாரமும் அவன் லாரிக்கு அடியில் படுத்திருந்தான். கொட்டகையில் அத்தனை கோழிகளும் திடீரென்று ஒரே சமயத்தில் வாயை மூடின. அந்த அமைதியில்தான் குனிந்து பார்த்தேன். கல் என் இரண்டு கைகளிலும் இருந்தது. பிரேக் பிடித்திருந்ததோ என்னவோ, லாரி உருளவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு கல்லைச் சக்கரத்தடியில் வைத்தேன். வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவன் கால்கள் அசையவே இல்லை.

இன்று அவனை உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன். "தம்பி, இனிமே நீ இங்க வராத சாமி. எனக்குள்ள ஒருத்தி இருக்கறா. அவ உன்னைய மன்னிக்கல."

செல்வம் டீயைக் கீழே வைத்தான். "தெரியுமுங்க அக்கா. ரெண்டு வாட்டியும் நீங்க கல்ல எடுத்தத அடியில இருந்து பாத்தேனுங்க."

"அப்பறம் ஏன் எந்திரிக்கல?"

"எந்திரிக்கத் தோணலைங்க. அடியில எனக்கு ஒரு வேலையும் இல்லைங்க அக்கா. வாரப்பவெல்லாம் சும்மாதான் படுத்திருப்பேன்."

அவனைப் பார்த்தால் வயிறு எரிகிறது, பாவமாகவும் இருக்கிறது. பரிசுத்தம் ஒரே ஜெபத்தில் முடிகிற காரியமா? அப்படி நினைத்தவளைவிட மடச்சி யார் இருக்க முடியும்?

வராதே என்று சொன்னதை வாபஸ் வாங்கிவிட்டேன். வியாழக்கிழமை லோடு இருக்கிறது. இது உங்களுக்கு என் வாக்கு: அவன் பார்க்க நானே கல் வைப்பேன். அவனை லாரிக்கு அடியில் படுக்க விடமாட்டேன். ஒவ்வொரு வாரமும் இப்படித்தான். அவளும் கூடவே குனிவாள் என்று தெரியும். இந்தக் கடிதத்தை எழுதுகிற கை யாருடையது என்று நடுவில் இரண்டு முறை நிறுத்திப் பார்த்துக்கொண்டேன்.

நான்தான்,
உங்கள் மனைவி ரூபி