பக்கத்து வீட்டு ஏணி

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? மாத்திரையை ஒழுங்காப் போட்டுக்கோ. நான் நல்லா இருக்கேன். இங்க வேலையில பெயின்ட் அடிக்கும்போது கம்பெனி ஏணி கொஞ்சம் சறுக்கி, மணிக்கட்டுல சின்னக் கட்டு. அதான் எழுத்து கோணலா இருக்கு, பயப்படாதே. ரெண்டு நாள் ரூம்லயே கிடந்தேன். கதவைத் தட்டி யாரும் கேட்கலை. இன்னைக்கு மறுபடி ஏணியில ஏறணும்.

பக்கத்து வீட்டு அத்தை, "சாமி, அந்தப் பையன் கைகால் சுகத்தோட வரணும், இரவல் வாங்கி அவன் வீட்டுல போட்டுட்டுப் போன என் ஏணியைத் திருப்பித் தரணும்"னு தெருவுக்கே கேட்கிற மாதிரி தினமும் வேண்டுறாங்கன்னு எழுதியிருந்தியே, இப்பவும் வேண்டுறாங்களா? மறக்காம எழுது.

வேலைக்கு வண்டி வந்துடுச்சு. நான் வர்ற வரைக்கும் அந்த ஏணியை மட்டும் கொடுத்துடாதேம்மா.

உன் மகன்