கண்ணாடியைக் கழற்று, நான்கு எண்ணு

மில்வாக்கி
செப்டம்பர் 9, 1991

அன்புள்ள வெர்னெல்,

இடுப்பில் வைத்த புது மூட்டு என்னைவிட வேகமாக இந்த வீட்டுக்குப் பழகிவிட்டது. சிகாகோவில் என் மூன்றாம் மாடிப் படிகளில் ஜனவரிவரை கால் வைக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். யவெட் வீட்டில் படியே இல்லை. மகள் குறை வைக்காமல்தான் பார்த்துக்கொள்கிறாள். ஆனால் கீரையில் பன்றிக்கால் போடாமல் வான்கோழி இறக்கையைப் போட்டு வேகவைக்கிறாள். கேட்டால், “அம்மா, உன் ரத்த அழுத்தத்துக்கு இதுவே ஜாஸ்தி” என்கிறாள். சாப்பிடுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். என் வகுப்புகளை உன்னிடம்தான் தரவேண்டும் என்று நானே முதல்வர் ஹாலோவேயிடம் கேட்டேன். இத்துடன் அலமாரிச் சாவி இருக்கிறது. நாடகப் புத்தகம் முப்பத்து நான்கு பிரதிகள். ஒரே செட் என்பதால் நாலாம் பீரியட் முடித்த பிறகுதான் ஆறாம் பீரியடுக்குக் கொடுக்க முடியும். முன் அட்டையின் உள்ளே அச்சிட்ட கட்டத்தில் ஒவ்வொருவரும் பெயர், வருடம், புத்தகத்தின் நிலை மூன்றையும் எழுதவேண்டும். எழுதாதவருக்குப் புத்தகம் இல்லை.

நாடகம் உனக்குத் தெரியும். இருபது வருடமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டிருக்கிறாய். அந்தக் குடும்பத்தில் யாருக்கு என்ன கனவு என்று கேட்டால் பிள்ளைகள் கடகடவென்று சொல்லிவிடும். மகனுக்கு முடிவெட்டும் கடை, மகளுக்குக் கல்லூரி, செத்துப்போன அப்பாவுக்குக் கலிஃபோர்னியா. அதற்காக அவர் கட்டிவைத்த டிரங்குப் பெட்டி பதினோரு வருடமாகத் திறக்கப்படாமல் கூடத்தில் கிடக்கிறது. அப்புறம், அம்மாவுக்கு என்ன கனவு என்று கேள். வகுப்பு வாயடைத்துப் போகும். பாடம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அம்மா பாகத்தை ஆசிரியர்தான் படிக்கவேண்டும். பிள்ளைகளிடம் கொடுத்துவிடாதே. முதல் இரண்டு அங்கங்களை நீ நடத்து. மூன்றாவதை நான் ஜனவரியில் வந்து பார்த்துக்கொள்கிறேன். மேல் தட்டில் பச்சை டேப் ஒட்டிய பிரதி ஒன்று இருக்கும். அது என்னுடையது, எடுக்க வேண்டியதில்லை.

உன் அன்புள்ள,
ஒடெஸா


சிகாகோ
செப்டம்பர் 27, 1991

அன்புள்ள ஒடெஸா,

சர்ச்சில் உனக்காக ஜெபித்தார்கள். உன் பெயரைச் சொன்னதும் பின்வரிசையில் பழைய மாணவர்கள் நாலு பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இன்னும் பயம் போகவில்லை போலிருக்கிறது.

புத்தகங்களைக் கொடுத்துவிட்டேன். இருபத்திரண்டாம் எண் ரமோனா பெட்டிஸுக்குப் போனது. அட்டையைத் திறந்தவள் போட்ட கூச்சலில் வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். “மிஸ்! இது எங்கம்மா பேரு! எழுபத்திரண்டு! நிலை ‘புதுசு’ன்னு எழுதியிருக்கா, உள்ள பாருங்க, பூரா மீசை வரைஞ்சு வச்சிருக்கா!” அன்றிரவு பெட்டிஸ் வீட்டில் என்ன நடந்தது என்று மறுநாள் வகுப்புக்கே தெரியும்.

நாலாம் பீரியடில் சரியாக முப்பத்து நான்கு பேர். எனக்குப் பிரதி இல்லை. பச்சை டேப்பை எடுத்தேன். திட்டாதே.

எடுத்தவள் பக்கங்களைப் புரட்டாமல் இருப்பேனா? ஓரமெல்லாம் பென்சில். தொண்ணூற்றொன்றாம் பக்கம், பெட்டியைத் திறந்து அம்மா தன் கணவனின் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டை வெளியே எடுக்கும் இடம்: ‘கண்ணாடியைக் கழற்று. நான்கு எண்ணு. கைக்குட்டை இடது கையில். ஜன்னலைப் பார்.’ ஒடெஸா, நான் சிரித்த சிரிப்பில் காபி சிந்திவிட்டது. பக்கம் தப்பித்தது.

எத்தனை வருடம்! ஒவ்வொரு வருடமும் ஒரு நாள் சுவருக்கு அந்தப் பக்கம் உன் வகுப்பு திடீரென்று அடங்கிப்போகும். இந்தப் பக்கம் நான் ஒன்பதாம் வகுப்புக்குக் காற்புள்ளி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பேன். என் பிள்ளைகள்கூடக் கேட்பார்கள்: “மிஸ் டாலிவர் அழுவறாங்களா மிஸ்?” எனக்கு ஒருநாளும் ஒரு வகுப்பும் அப்படி அடங்கியதில்லை. அது கடவுள் கொடுத்த வரம் என்று நினைத்திருந்தேன். நான்கு எண்ணினால் போதும் என்று யாருக்குத் தெரியும்?

கோபித்துக்கொள்ளாதே. நல்லபடியாக நடந்து பழகு.

உன் அன்புள்ள,
வெர்னெல்


மில்வாக்கி
அக்டோபர் 4, 1991

வெர்னெல்,

கடிதம் கிடைத்தது. நான் கோபப்படவில்லை. இன்னொருவர் புத்தகத்தின் ஓரத்தில் எழுதியிருப்பதைப் படிப்பது இன்னொருவர் கைப்பையைத் திறப்பது மாதிரி. அவ்வளவுதான் சொல்வேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நம் சர்ச் தோழி பியூலா போன் செய்தாள். அம்மா பாகத்தை லாமார் யான்ஸி படிக்கிறானாமே? ஆறடி இரண்டு அங்குலப் பையன்! கூடைப்பந்துக் கோச் கூப்பிட்டால் பேனாவைக் கீழே போட்டுவிட்டு ஓடுகிற பையன்! “வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்குதாம் ஒடெஸா” என்றாள் பியூலா. அவளுக்கு அதைச் சொல்வதில் இருந்த சந்தோஷத்தை நான் கேட்டிருக்க வேண்டாம்.

உன்னிடம் நான் வைத்தது ஒரே ஒரு வேண்டுகோள். சரி, இரண்டு. இரண்டையும் நீ கேட்கவில்லை. மூன்றாம் அங்கத்தையாவது விட்டுவை.

பச்சைப் பிரதியை எடுத்த இடத்தில் வை.

ஒடெஸா டாலிவர்


சிகாகோ
நவம்பர் 15, 1991

அன்புள்ள ஒடெஸா,

ஆறு வாரமாக எழுதாதது என் தப்பு. முழுப்பெயரைப் போட்டு நீ கையெழுத்திட்டதும் எனக்குப் பேனா ஓடவில்லை.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். அம்மா பாகத்தை நானே படிக்க ஆரம்பித்தேன். இரண்டாம் பக்கத்திலேயே ரமோனா கையைத் தூக்கிவிட்டாள்: “மிஸ், நீங்க அட்டெண்டன்ஸ் எடுக்கற மாதிரியே படிக்கறீங்க.” உண்மைதான். வேறு யார் என்று கேட்டேன். ஒருவரும் இல்லை. அப்புறம் பின்னாலிருந்து லாமார்: “நான் படிக்கறேன் மிஸ். எங்கம்மா நைட் ஷிஃப்ட். காலைல மூணு பேரை எழுப்பி, கஞ்சி குடுத்து, பஸ் ஏத்தறது நான்தான். எனக்கு வரும்.”

சிரித்தார்கள், மறுக்கவில்லை. ஒரு வாரம் தாழ்வாரமெல்லாம் “அம்மா, என் சாக்ஸ் எங்கம்மா?” என்று அவன் பின்னால் கத்தினார்கள். அவனும் விடவில்லை. “நேத்து எங்கடா கழட்டிப் போட்ட? அங்க போய் தேடு!” என்று திருப்பிக் கத்தினான். இரண்டாவது வாரத்தில் கேலி ஓய்ந்துவிட்டது. பாகம் மட்டும் அவனிடமே நிலைத்தது.

மூன்றாம் அங்கத்தை நான் ஆரம்பிக்கவில்லை, அவர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுபோகிற புத்தகத்தில் பாதியில் நிறுத்து என்று பதினாறு வயதுப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது? திங்கட்கிழமை வரும்போது பாதிப் பேர் முடித்துவிட்டிருந்தார்கள்.

வியாழக்கிழமை படித்தோம். ஹாலோவேயும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். லாமார் பெட்டியைத் திறக்கும் இடத்துக்கு வந்தான். மகனாகப் படித்த ரமோனாவிடம் கோட்டை நீட்டும் வரியைப் படித்தான். சட்டென்று நிறுத்திவிட்டுப் புத்தகத்தைப் பார்த்தபடியே கேட்டான்: “மிஸ், இவங்க ஏன் பதினோரு வருஷமா இத தொறக்கல? தொறந்தா அவர் செத்தது நெஜமாயிடும், அதானே?”

அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. நான் கண்ணாடி போடுவதில்லை, உனக்குத் தெரியும். எதையும் எண்ணவும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இத்தனை வருடம் கேட்ட அமைதியை அன்றைக்கு என் அறையில் கேட்டேன்.

ஜனவரியில் தொடங்கும் வசந்தப் பருவத்திலும் பதினொன்றாம் வகுப்பை நானே தொடரட்டும் என்கிறார் ஹாலோவே. ஒடெஸாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்கிறேன்.

உன் அன்புள்ள,
வெர்னெல்


மில்வாக்கி
நவம்பர் 27, 1991

அன்புள்ள வெர்னெல்,

ஒன்பது நாள் உன் கடிதத்தை ரொட்டிப் பெட்டிமேல் வைத்திருந்தேன். யவெட் ஒவ்வொரு நாளும் அதைத் தள்ளிவைத்துத் துடைத்தாள். நேற்று, “இதுக்கு பதில் எழுது, இல்ல கிழிச்சுப் போடும்மா, ரொட்டி எடுக்க முடியல” என்றாள்.

பென்சிலைப் பற்றி முதலில். 1971-இல் அந்த நாடகத்தை முதன்முதலாக நடத்தியபோது என் கணவன் ராய் இறந்து எட்டு மாதம். அவனுடைய கோட்டு அலமாரியில் தொங்கிக்கொண்டிருந்தது. தொண்ணூற்றொன்றாம் பக்கம் வந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. முப்பது பிள்ளைகள் முன்னால். கண்ணாடியைக் கழற்றினேன், ஜன்னலைப் பார்த்தேன். அதில் ஒரு பொய்யும் இல்லை.

அடுத்த வருடம் அதே பக்கம். முன்வரிசையில் ஒருத்தி கேட்டாள்: “மிஸ், இங்கதான் நீங்க அழுவீங்கன்னு எங்கக்கா சொன்னா. இப்பவா?” வகுப்பு முழுவதும் காத்திருந்தது. எனக்கு வரவில்லை. அந்தப் பிள்ளைகளின் முகம் விழுந்ததை இன்றைக்கும் சொல்லமுடியும், யார் யார் என்றுகூட. அதற்கு அடுத்த வருடம் பென்சிலை எடுத்தேன். பிறகு வருடாவருடம் நான்கு எண்ணினேன். அவர்கள் அழுதது நிஜம். நான் மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இப்போது இன்னொன்று. அக்டோபர் 28-ஆம் தேதி ஹாலோவேக்கு ஒரு கடிதம் எழுதினேன். வகுப்பு கட்டுப்பாட்டில் இல்லை, பாடத்திட்டம் மீறப்படுகிறது, திருமதி ப்ரூவிட்டுக்கு, அதாவது உனக்கு, இந்த நாடகத்துக்கான ஆழம் போதாது என்று எழுதினேன். யவெட்டிடம் தட்டச்சு செய்யச்சொல்லி அனுப்பினேன். உன் கடிதத்தைப் பார்த்தால் அவர் அதை உன்னிடம் காட்டவில்லை என்று தெரிகிறது. நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அந்தப் பையன் கேட்டதை இருபது வருடமாக வகுப்பில் நான் கேட்கவில்லை. கோட்டு என் வீட்டில் தொங்கியது. கேட்டிருக்க வேண்டியவள் நான். கஞ்சி ஊற்றிவிட்டு வந்த ஒரு பிள்ளை கேட்டுவிட்டான், அதுவும் உன் வகுப்பில். ஒன்பது நாள் இதற்கு வேறு பெயர் தேடினேன். கிடைக்கவில்லை. பொறாமைதான்.

ஹாலோவேயிடம் என்ன சொல்லப்போகிறாய்?

ஒடெஸா


சிகாகோ
டிசம்பர் 3, 1991

ஒடெஸா,

நவம்பர் நான்காம் தேதியே ஹாலோவே உன் கடிதத்தை என் முன்னால் வைத்துவிட்டார். “இதுக்கு என்ன சொல்றீங்க மிஸஸ் ப்ரூவிட்?” என்றார். “வந்து உக்காந்து பாருங்க” என்றேன். அதனால்தான் அந்த வியாழக்கிழமை அவர் கடைசி வரிசையில் இருந்தார். பார்த்தார். பார்த்ததனால்தான் வகுப்பை எனக்குக் கொடுத்தார். நீ எழுதாமல் இருந்திருந்தால் அவர் என் அறைக்குள் கால் வைத்திருக்க மாட்டார். இருபத்திரண்டு வருடத்தில் வைத்ததில்லை.

உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்றதாக எழுதினேன். அது பொய். அங்கேயே, தாழ்வாரத்திலேயே, சரி என்று சொல்லிவிட்டேன். ‘ஆழம் போதாது’ என்று எழுதியதை நீயாக எப்போது சொல்வாய் என்று பார்க்கத்தான் அந்தக் கடிதத்தை அப்படி எழுதினேன். சொல்லிவிட்டாய். எனக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

நீ மட்டும்தான் பொறாமைப்பட்டாயா? சாவி உன் கழுத்தில் தொங்கிய வருடமெல்லாம் எனக்கு இருந்தது. உன் பென்சிலைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பு நல்ல சிரிப்பு இல்லை.

ஜனவரியில் உனக்கு ஒன்பதாம் வகுப்பு. என் பழைய அறை. காற்புள்ளி.

உன் புத்தகத்தை அனுப்பியிருக்கிறேன். முன் அட்டைக் கட்டத்தில் ஒரு பெயர்கூட இல்லை. எழுதாதவருக்குப் புத்தகம் இல்லை என்று சொன்னவள் நீ. அதனால் என் பெயரை எழுதினேன். வருடம் 1991. நிலை: நன்று, ஓரங்களில் பென்சில்.

வெர்னெல் ப்ரூவிட்


மில்வாக்கி
டிசம்பர் 11, 1991

அன்புள்ள வெர்னெல்,

முழுப்பெயரைப் போட்டாய். எனக்கு வேண்டியதுதான்.

இன்று ஊன்றுகோல் இல்லாமல் தபால்பெட்டிவரை போனேன். அங்கே நின்றே படித்தேன். யவெட் வாசலில் நின்று “அம்மா, கோட்டு!” என்று கத்திக்கொண்டிருந்தாள்.

காற்புள்ளி எனக்கு வரும். உன் அளவுக்கு வராது.

புத்தகத்தைத் திருப்பி அனுப்புகிறேன். உனக்குப் பிரதி வேண்டும். உன் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதியிருக்கிறேன், வருடம் 1971 என்று. வரிசை மாறியிருக்கிறது, பரவாயில்லை. தொண்ணூற்றொன்றாம் பக்கத்தை ரப்பர் வைத்து அழித்தேன். அழுத்தி எழுதியதால் தடம் போகவில்லை. பார்க்காதே.

ஜனவரியில் நான் வரும்போது ஆறாம் பீரியட் இன்னும் மூன்றாம் அங்கத்துக்கு வந்திருக்காது. அவர்களுக்கும் லாமாரே வந்து படிக்கிறான், அதற்காக உடற்பயிற்சி வகுப்பிலிருந்து அனுமதி வாங்கியிருக்கிறாய் என்று பியூலா சொன்னாள். அந்த நேரம் எனக்கு வகுப்பு இல்லை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே கேட்கலாம்தான். ஆனால் நீ கதவைத் திறந்து வைத்தால் கடைசி வரிசையில் வந்து உட்காருவேன். ஹாலோவே உட்கார்ந்த நாற்காலி போதும்.

எனக்கு அவன்மேல் பொறாமையாகத்தான் இருக்கும். அன்றைக்கும் இருக்கும். அதைப் பார்த்து நீ சிரித்தாலும் சரி.

கண்ணாடியை ஆசிரியர் அறையிலேயே வைத்துவிட்டு வருகிறேன். ஒரு எழுத்தும் தெரியாது. காது கேட்கும்.

உன்,
ஒடெஸா