நடந்துகொண்டே சொன்ன மழைக்கதை

மார்ச் 3
மாரடைப்புக்குப் பிறகு அப்பா இன்றுதான் எங்கள் சலவைக் கடைக்கு வந்தார். துணி வாங்க வந்த தையல்காரரிடம் வாத்தியாரின் சட்டையை மாற்றிக் கொடுத்துவிட்டார்.
"அண்ணே, இது வாத்தியார் தொப்பைக்கு நானே அளவெடுத்துத் தச்சது."
முன்பென்றால் அப்பா இந்த மாதிரிக் கிண்டலை ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பார். இன்று சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 6
மருத்துவமனையில் இதய நோயாளிகளுக்கான பயிற்சி அறை. அப்பாவை டிரெட்மில்லில் ஏற்றிவிட்டு, "பேசிக்கிட்டே நடக்கணும் சார். மூச்சு முட்டாம பேச முடிஞ்சா வேகம் சரி" என்றார் பயிற்சியாளர் அக்கா. பிறகு என்னிடம், "நீ பேச்சுக் கொடும்மா."
நானா? பள்ளியை விடும்வரை வருகைப் பதிவுக்குக்கூடக் கையை மட்டும் தூக்கியவள். அப்பா எனக்கு வைத்த பெயரே ஊமைக்கோட்டான்.
கிளம்பும்போது அக்காவிடம் கேட்டுவிட்டேன். மாரடைப்புக்குப் பிறகு அப்பாவுக்கு வந்த மறதி போகுமா?
"ரத்த ஓட்டம் சீரானா மூளைக்கும் நல்லதுதான். சிலருக்குத் தெளிவாகுது. சத்தியம் பண்ண முடியாதும்மா."

மார்ச் 13
டிரெட்மில்லில் நடந்த அப்பாவிடம் மழைக்கதையைக் கேட்டேன். சின்ன வயதில் என்னைத் தூங்க வைக்க அப்பா சொல்வது. கடைக்குள் வெள்ளம். தலையில் துணி மூட்டை, தோளில் நான். மாடிப்படி ஏறுகிறார். மேலே அம்மா நின்று—
"அப்புறம் என்னம்மா?" என்று என்னையே கேட்கிறார்.
அம்மா இறந்தபோது எனக்கு நான்கு வயது. என்னிடம் இருக்கிற அம்மா முழுக்க அப்பா சொன்னதுதான். அவருக்கே மறந்துபோச்சுன்னா நான் யார்கிட்ட போய்க் கேக்குறது?

மார்ச் 20
நாள் முழுக்கத் துணி தேய்த்தேன். மழைக்கதையை மனதுக்குள் முதலிலிருந்து சொல்லிப் பார்த்தேன்.

ஏப்ரல் 10
இப்போதெல்லாம் டிரெட்மில் பக்கத்தில் நின்று நானே மழைக்கதையைச் சொல்கிறேன். அப்பா 'உம்' கொட்டுகிறார். அது ஒரு காலத்தில் என் வேலை.

மே 8
"மேல அம்மா நின்னு சிரிச்சாங்க" என்றேன், வழக்கம்போல.
"சிரிச்சாளா? யாரு சொன்னா?"
"நீங்கதாம்பா."
"அது உன்னைத் தூங்க வைக்கச் சொன்னது. 'துணிய பிளாஸ்டிக்ல சுத்திருக்கீங்க, புள்ளைய நனைய விட்டுருக்கீங்க'ன்னு படி முழுக்கத் திட்டுனா. மூட்டையப் பிரிச்சு, வாத்தியார் கோட்டை எடுத்து உன்னைத் துவட்டுனா. அந்தாளுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."
அப்பாவுக்கு மூச்சு வாங்கவே இல்லை. அக்கா வேகத்தைக் கூட்டினார்.
மாலையில் வாத்தியார் வந்தார். அவர் சட்டையை அப்பாவே எடுத்தார். சரியான சட்டை. நானும் அப்பாவும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஒருவரையொருவர் பார்க்காமல் அதை மடித்துக் கொடுத்தோம்.